ஆர்லின் தோர்ஸ்டட்டின் சட்டை வால்

ஆர்லின் தோர்ஸ்டட் அம்பை விட்டபோது காலை மணி ஏழு இருபது. விட்ட பிறகு ஒரு முழு நிமிஷம் பரணிலேயே சிலை மாதிரி நின்றார். சிலை என்பதுகூடச் சரியில்லை. சிலை இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்காது.

பத்துக் கிளைக் கொம்பன். அதன் கழுத்து மட்டுமே ஒரு பால்கேன் தடிமன். மூன்று வருஷமாகக் காட்டில் கட்டிவைத்த கேமராவில் மட்டும் முகம் காட்டிவந்த மான் அது. இன்று ஓக் மரங்களுக்கு நடுவே நடந்து வந்து, அவருடைய பரணுக்கு இருபத்திரண்டு கஜத்தில், படம் எடுத்துக்கொள் என்பதுபோல விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. அம்பு போனது. தக் என்று ஒரு சத்தம். மான் எகிறிக் குதித்து, வெள்ளை வாலைக் கொடி மாதிரி உயர்த்திக்கொண்டு மேட்டைத் தாண்டி மறைந்தது.

அடிபட்ட மான் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டுதான் ஓடும் என்று ஆர்லினே வருஷா வருஷம் ஆகஸ்டில் வகுப்பு எடுக்கிறார். இந்த மான் அந்த வகுப்புக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். கைப்பேசியை எடுத்து, சங்கத்துக்காரர்கள் பதினாறு பேருக்கும் செய்தி அனுப்பினார்: “இதயம். பத்துக் கிளை. மதியம் பன்னிரண்டுக்கு டிராக்டரோடு வரவும்.”

சங்கம் என்றால் ஊர் மதுக்கடைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் கூடுகிற வில்வேட்டைச் சங்கம். விஸ்கான்சினில் அப்படி ஒரு சங்கம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆர்லின் இதற்குப் பதினான்கு வருஷமாகத் தலைவர். கூடத்தின் வடக்குச் சுவர் முழுக்கச் சட்டை வால்கள். மானைக் குறிபார்த்துத் தப்பவிட்டவன் அன்று போட்டிருந்த சட்டையின் பின்பக்கம் இடுப்புக்குக் கீழே தொங்கும் வாலை எல்லார் முன்னாலும் வெட்டி, பெயர், தேதி, தப்பவிட்ட தூரம் மூன்றையும் எழுதி ஆணி அடிப்பது வழக்கம். பாதிரியாருடைய வால் அங்கே இருக்கிறது. பல் டாக்டருடையது இருக்கிறது. ஆர்லினின் மைத்துனன், பள்ளி பஸ் ஓட்டுகிற டெல்மருடையது இரண்டு இருக்கிறது. கத்தரிக்கோலைப் பிடிப்பது எப்போதும் ஆர்லின்தான். முப்பத்தோரு வருஷ வேட்டையில் ஆர்லினின் வால் மட்டும் அங்கே ஏறவில்லை. அவருடைய சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை அன்று வாங்கியபடியே முழுசாக இருக்கிறது. கூட்டங்களுக்கு அதை வெளியே தொங்கவிட்டுத்தான் வருவார். பேசும்போது நடுநடுவே திரும்பி நிற்பார்.

இன்றும் அதுதான் உடம்பில்.

பரணிலிருந்து இறங்கும்போது வில்லையும் அம்புகளையும் கயிறு கட்டி முதலில் கீழே இறக்கவேண்டும். கையில் அம்போடு ஏணியில் கால் வைக்கிறவன் முட்டாள். இது ஆர்லின் எழுதி அச்சடித்த சிறுபுத்தகத்தின் முதல் பக்கத்தில், கட்டம் போட்ட எழுத்தில் இருக்கிறது. ஆனால் அது மற்றவர்களுக்காக எழுதியது. இரண்டாவது அம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மளமளவென்று இறங்கினார். கடைசிக்கு மூன்றாவது படியில் உறைபனி வழுக்கியது. ஒரு காலில் தொங்கி, ஏணியைக் கட்டிப்பிடித்து, எப்படியோ தரைக்கு வந்து சேர்ந்தார். இடது தொடையின் பின்புறம் எதுவோ உரசினமாதிரி இருந்தது. ஏணியின் போல்ட்டாக இருக்கும். கம்பளிக் கால்சட்டை, அதற்குள் இன்னொரு கால்சட்டை. போல்ட் என்ன செய்துவிடும்? சவர பிளேடை விடக் கூரான அம்புமுனை வலிக்காமல்தான் வெட்டும் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. பக்கம் நான்கு.

மான் நின்ற இடத்துக்குப் போனார். ஒரு மயிர் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அம்பையும் காணோம். பழுத்து விழுந்த ஓக் இலைகள் மட்டும் ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தன.

இதயம் என்று பதினாறு பேருக்குச் சொல்லியாயிற்று. இன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. ஊரே வரும். மான் இல்லாமல் போனால் டெல்மர் கத்தரிக்கோலைத் தேடி எடுக்கிற வேகம் எப்படி இருக்கும் என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கத்தரி சட்டையில் இறங்கும் சத்தமும் கேட்டது.

சரி, விதிப்படி அரைமணி நேரம் காத்திருப்போம் என்று, பத்தடி தள்ளி விழுந்து கிடந்த மரத்தில் சாய்ந்து இலைமேல் உட்கார்ந்தார். ஃபிளாஸ்க் காபி குடித்தார். ஒரு சாக்லேட் தின்றார். இடது பூட்ஸுக்குள் ஈரமாக இருந்தது. பனி உருகி இறங்குகிறது போல. புறப்படும்போது மனைவி மார்லிஸ் ஒரு கட்டுத்துணிப் பொட்டலத்தை நீட்டியதும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் கீறல் பட்டால்கூட நிற்காது என்று அவள் புலம்பியதும், அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று பொட்டலத்தைச் சமையலறை மேஜையிலேயே விட்டுவந்ததும் அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அரைமணி கழித்து எழுந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கலாம் என்று பரண் மரத்துக்குத் திரும்பினார்.

வழியெல்லாம் ரத்தம்.

நின்றுவிட்டார். சற்று முன்னால் அவர் நடந்து போன அதே இடம். அப்போது ஒன்றுமே இல்லை. இப்போது அடிக்கு ஒரு சொட்டு, காசு அகலத்தில், இலைமேல் பளபளவென்று. பரணின் அடியில் ஒரு சின்னக் குட்டையே கட்டியிருந்தது. அவர் அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்து சாக்லேட் தின்ற நேரத்தில், அடிபட்ட மான் திரும்பி வந்து, அவர் பரணுக்குக் கீழேயே நின்றுவிட்டுப் போயிருக்கிறது. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு திமிர் பிடித்த பிராணியை அவர் கண்டதில்லை.

ஆனாலும் ரத்தம் ரத்தம்தான். அடித்தாயிற்று. சட்டை பிழைத்தது. ஆர்லினுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பையிலிருந்து டாய்லெட் பேப்பரை எடுத்து, ஒவ்வொரு சொட்டுக்குப் பக்கத்திலும் ஒரு துண்டு கிழித்துக் குச்சியில் குத்திக்கொண்டே போனார். ஒரு சொட்டை விரலில் தேய்த்து மோந்தும் பார்த்தார். வயது ஐந்தரை, ஒரு வாரமாக ஓக் கொட்டை மட்டுமே தின்றிருக்கிறது என்று முடிவு செய்தார். பிறகு தன் கண்டுபிடிப்பான நிற அட்டையை வெளியே எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சை கலந்து நாறினால் குடல். விரலை அட்டையின் மேல் வைத்து ஒப்பிட்டார். பளிச்சென்ற சிவப்பு, நுரை இல்லை. நான்காவது கட்டம். அதில் எழுதியிருந்தது: தொடைச் சதை.

தொடையா? மானின் விலாவைக் குறிவைத்த ஆர்லின் தோர்ஸ்டட் தொடையில் அடிப்பதா? போன வருஷம் அச்சடித்தவன் நிறத்தைச் சொதப்பிவிட்டான் என்று அட்டையைச் சட்டைப் பையில் திணித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அவரைக் கலக்கியது. தடம் மான் நின்ற இடம்வரை போனது, விழுந்த மரம்வரை போனது, அங்கே முடிந்தது. மேலே எங்கே என்று இருபது கஜம் முன்னால் போய்த் தேடினார். ஒன்றுமில்லை. திரும்பினார். அவர் இப்போதுதான் மிதித்து வந்த இடத்தில் புதுச் சொட்டுகள். வலப்பக்கம் போனார், ஒன்றுமில்லை, திரும்பினால், ரத்தம். முன்னால் எங்கும் இல்லை, பின்னால் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஓடைக்கரை, முள்வேலி, மக்காச்சோள வயலோரம், எங்கே போனாலும் இதே கதை. ஒரு தடவை சட்டென்று திரும்பிப் பார்த்தார். காடு சும்மா இருந்தது. ஒரு அணில் கொட்டையைக் கீழே போட்டது. ஆர்லின் துள்ளி விழுந்தார்.

காது அடைத்தது. உதடு வறண்டது. மரங்கள் லேசாக ஆடினமாதிரி இருந்தது, காற்று இல்லை. ஒன்பது மணிக்குமேல், வேறு வழியில்லாமல், கௌரவத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு டெல்மரைக் கூப்பிட்டார். டெல்மரிடம் பிஸ்கட் என்று ஒரு நாய் இருந்தது. நீள உடம்பும் நாலங்குலக் காலுமான ஜாதி. அடிபட்ட மானைத் தேடப் பழக்கியது. போன கூட்டத்தில் அதைக் கால் முளைத்த சாஸேஜ் என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கியவர் ஆர்லின்தான்.

இதயம் என்று போட்டிருந்தீர்களே, இதயம் இல்லாமலா அது இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று டெல்மர் விசாரித்தான். ஆர்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஓடல டெல்மர். சுத்திச் சுத்தி வருது. என் பின்னாலேயே வருது.”

“தலைவரே, காலையிலேயே பிராந்தி போட்டீங்களா?”

காலை டிரிப்பை முடித்துவிட்டு, பஸ் கம்பெனி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் டெல்மர் வந்தான். நாலு சக்கர மோட்டார் வண்டியில், மடியில் பிஸ்கட். வந்ததும் வராததுமாக ஆர்லின் அவனுக்கு நிலைமையை விளக்கினார். வெள்ளைக் காகிதங்கள் காடு முழுக்கக் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி தொங்கின. டெல்மர் அவற்றை இப்படியும் அப்படியும் பார்த்தான். இது மான் போன வழி மாதிரி இல்லையே, யாரோ சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடின மாதிரி அல்லவா இருக்கிறது என்றான். ஆர்லின் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிஸ்கட்டிடம் ஒரு ஒழுங்கு உண்டு. மூக்கைத் தரையில் வைத்தால் எடுக்காது. மானைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை குரைக்கும். மூன்றாவது தடவை குரைக்கச் சொல்லி டெல்மரே கெஞ்சினாலும் குரைக்காது. டெல்மர் நீளக் கயிற்றோடு அதைப் பரண் அடியில் விட்டான். அது ரத்தத்தை மோந்தது, மான் நின்ற இடத்துக்குப் போனது, மேலும் நாலடி வைத்தது, சட்டென்று திரும்பி ஆர்லினின் பூட்ஸை நக்கியது.

ஆர்லின் காலை உதறினார். மறுபடி கொண்டுபோய் விட்டார்கள். மறுபடி பூட்ஸுக்கே வந்தது.

“உன் நாய்க்கு மோப்பமும் கிடையாது, முறையும் கிடையாது.”

டெல்மருக்கு முகம் சிவந்தது. அது இதுவரை பதினொரு மானைக் கண்டுபிடித்திருக்கிறது, அதில் இரண்டு தலைவருடைய தம்பி அடித்துவிட்டுத் தொலைத்தது என்று நினைவுபடுத்தினான். பேச்சை மாற்ற ஆர்லின் அவனை விழுந்த மரத்துக்கு இழுத்துப்போனார். தான் கண்டுபிடித்ததிலேயே பெரிய தடயத்தை இதுவரை ஒளித்து வைத்திருந்தார். மரத்தையொட்டி இலைகள் நசுங்கி ஒரு குழி. குழி நிறைய ரத்தம்.

“இங்கதான் படுத்திருந்தது. பின்பக்கம் எவ்ளோ அகலம், பாத்தியா? இருநூத்தம்பது பவுண்டுக்குக் குறையாது.”

டெல்மர் குந்தி உட்கார்ந்தான். நசுங்கிய இலையைத் தொட்டான். இலைக்கடியிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தான்.

“தலைவரே, உங்க மான் சாக்லேட் தின்னிருக்கு.”

“அது என்னுது. நான்தான் இங்க உக்காந்து...”

டெல்மரின் விரலிலிருந்த சாக்லேட் உறையைப் பார்த்தார்.

பிஸ்கட் அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில் வந்து, பின்காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்தது. இரண்டு தடவை குரைத்தது.

டெல்மர் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு தருணத்துக்காகக் காத்திருந்த ஆள் அவன்; வாய் திறந்தே இருந்தது, சிரிப்பு மட்டும் வரவில்லை. அவன் பார்வை ஆர்லினின் கால்சட்டை விளிம்பில் நின்றது. அங்கிருந்து பூட்ஸ் குதிகாலுக்கு ஒரு சொட்டு இறங்கியது. இலைமேல் விழுந்தது. அந்தச் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

“மச்சான், உக்காருங்க. கீழ பாக்காதீங்க.”

பதினான்கு வருஷத்தில் டெல்மர் அவரை மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே ஆர்லின் கீழே பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் காட்டைப் பார்த்தார். ஓடை, வேலி, வயலோரம், பரண். வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். ஒவ்வொன்றையும் அவர்தான் கிழித்தார், அவர்தான் குத்தினார், ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தோஷம் பட்டார். அத்தனையும் அவருக்குள்ளே இருந்திருக்கவேண்டியது. மானுக்கு என்று அவர் அளந்து வைத்திருந்த குழியில், அளவு கச்சிதமாகப் பொருந்த, உட்கார்ந்தார்.

டெல்மர் கத்தியால் கால்சட்டையைக் கிழித்தான். தொடையின் பின்பக்கம், ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி ஒரு வாய் திறந்திருந்தது. கட்டுப்போட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ஆர்லினுக்குச் சமையலறை மேஜை ஞாபகம் வந்தது. இல்லை என்று தலையாட்டினார். டெல்மர் அவருடைய சட்டையின் பின்புறத்தைப் பிடித்தான். அதுவரை செத்தவர் மாதிரி இருந்த ஆர்லின் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சட்டை வேணாம்.”

“என்னது?”

“பெல்ட்டைக் கழட்டிக்கோ. உன் சட்டையக் கிழி. இதைத் தொடாத.”

“என் சட்டையில வால் எங்க இருக்கு? நீங்கதான் ரெண்டு வருஷம் முன்னாடியே வெட்டிட்டீங்களே மச்சான்.”

கம்பளியில் கத்தி இறங்கும் சத்தம் காலையில் ஆர்லின் கற்பனை செய்ததுபோலவேதான் இருந்தது. முப்பத்தோரு வருஷ முழுச்சட்டையின் வால் அவர் தொடையைச் சுற்றி இறுகியது. அதன்மேல் பெல்ட். வண்டியில் அவரை மூட்டை மாதிரி ஏற்றி, மடியில் நாயை வைத்து, டெல்மர் மேட்டில் விரட்டினான். பாதி வழியில் ஒரு உளுத்துப்போன மரத்தூர். அதில் ஆர்லினின் அம்பு, ஆரஞ்சு இறகோடு, கழுவி வைத்தமாதிரி சுத்தமாகக் குத்தி நின்றது. தக் என்று கேட்ட சத்தம் அதுதான். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் பதினொரு தையல். எவ்வளவு நேரம் இந்தக் காலோடு நடந்தீர்கள் என்று இளம் டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்த மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் நடந்திருந்தால் என்று ஆரம்பித்து, மார்லிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டாள். மார்லிஸ் கைப்பையைத் திறந்து, மேஜைமேல் கிடந்த அந்தப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கத்துக்காரர்கள் டிராக்டரோடு காட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. காகிதங்களின் வழியே நடந்தார்கள். எண்ணினவர் பல் டாக்டர்; மொத்தம் நாற்பத்து மூன்று துண்டு. குழியையும், கிழிந்த கால்சட்டைத் துண்டையும் பார்த்த பிறகு அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பாதிரியார் தொப்பியைக் கழற்றினார், யார் செத்தது என்று தெரியாமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடத்தில் மீன் வறுவலுக்குப் பிறகு விஷயம் எழுந்தது. தப்பவிட்டால்தான் வால், அடித்து ரத்தம் வந்து, ஆளையும் கண்டுபிடித்துவிட்டால் வால் கிடையாது, எனவே விதிப்படி தலைவருக்குத் தண்டனை பொருந்தாது என்று ஒரு கட்சி வாதாடியது. ஆள் வேறு, மான் வேறு என்றது இன்னொரு கட்சி. ஊன்றுகோலோடு மூலையில் உட்கார்ந்திருந்த ஆர்லின் எழுந்தார். பாதியில் நின்ற சட்டையோடுதான் வந்திருந்தார். இந்தத் தடவை உள்ளே செருகியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து, மார்லிஸ் துவைக்க மறுத்த அந்தத் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிவப்புக் கட்டமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அதன் பக்கத்தில் நிற அட்டையை வைத்தார். நான்காவது கட்டத்தில் அவர் விரல் அடையாளம் காய்ந்திருந்தது.

“அட்டை சரியாத்தான் சொல்லிச்சு,” என்றார். குரலில் பழைய கம்பீரம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. “தொடைச் சதைன்னு. யார் தொடைன்னு மட்டும்தான் சொல்லல.”

யாருக்கும் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டெல்மர் ஆணியும் சுத்தியலும் எடுத்தான். பெயர் எழுதினான், தேதி எழுதினான். பேனா நின்றது.

“தூரம் என்ன எழுதறது மச்சான்? இருபத்திரண்டா, பூஜ்யமா?”

ஆர்லின் மேஜைமேல் கிடந்த துணியைப் பார்த்தார்.

“ரெண்டையும் எழுது.”

டெல்மர் எழுதி முடிக்கவில்லை. மேஜைக்கடியில் ஏதோ நகர்ந்தது. மீன் முள்ளுக்கு வந்திருந்த பிஸ்கட், ஆர்லினின் இடது காலருகே போய், பின்காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்து, இரண்டு தடவை குரைத்தது.

பதினாறு பேரும் குனிந்து பார்த்தார்கள். கடைசியாக, ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆர்லினும் குனிந்தார்.

கட்டு காய்ந்துதான் இருந்தது.